மீற்றர் யாருடையது, கடன் யாருடையது?

யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். திறப்பு பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. புதிதாகக் குடிவந்த குடும்பம் இரண்டு மாதம் மின்கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுகிறது. மூன்றாவது மாதம் வாசலில் சிவப்பு அறிவித்தல். நிலுவை 68,000 ரூபா, கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். அறிவித்தலில் இருக்கும் பெயரோ இறந்து பதினைந்து வருடமான ஒரு பெரியவருடையது. நிலுவையை வைத்துவிட்டுப் போனவர் முன்பு குடியிருந்தவர். அவர் இப்போது கட்டாரில். கட்டச் சொல்லிக் கேட்கப்படுவதோ நேற்று வந்து சேர்ந்த குடும்பம்.

வடக்கு கிழக்கில் வாடகைக்கு இருந்த பலருக்கும் இந்தக் கதை புதிதல்ல. ஊரையும் தொகையையும் மாற்றிப்போட்டால் தங்கள் கதையாகவே இருக்கும். பெரும்பாலும் இது ஒரே மாதிரித்தான் முடியும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டில் வயதானவர், இருட்டில் இருக்க முடியாது. கடன் வாங்கியாவது கட்டிவிட்டு, வீட்டுக்காரரிடம் வாடகையில் கழிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

இன்றைக்கு இந்தப் பிரச்சினை மின்கம்பத்தோடு நின்றுவிடுகிறது. வயரை வெட்டுவார்கள், காசைக் கட்டினால் திரும்பப் பூட்டுவார்கள். ஆனால் ஒருவரின் கடன் வரலாற்றைக் குறித்துவைக்கும் இன்னொரு பதிவேடும் நாட்டில் இருக்கிறது. வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கட கிறிப் சரியில்லை" என்று சொல்வாரே, அந்தப் பதிவேடு. மின்கட்டண நிலுவையும் அந்தப் பதிவேடும் ஒருநாள் இணைந்தால், முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற 68,000 ரூபா யாருடைய பெயரில் போய் உட்காரும்? அந்த நாள் வந்த பிறகு இதைக் கேட்பதில் பயனில்லை.

பெயர் மாறாத பட்டியல்கள்

மின்கட்டணக் கணக்கு இலக்கம் ஒரு வளவில் உள்ள இணைப்புக்கு உரியது. அந்த இணைப்பை ஒருகாலத்தில் எடுத்தவரின் பெயர் பட்டியலில் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருக்கும். வீடு கைமாறினால் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதற்கு வீட்டின் உரிமையைக் காட்டும் ஆவணம் வேண்டும், பழைய நிலுவை தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்கியவருக்கு இது ஒருநாள் வேலை. போர் நடந்த மாவட்டங்களில் அப்படியல்ல.

இங்கே உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். உரிமையாளர் இறந்திருப்பார். பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருப்பார்கள். முதுசம் பிரிக்கப்பட்டிருக்காது. 1990களில் வெளியேறியவர்களின் வீடுகளில் அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் மாறி மாறி இருந்திருக்கின்றன. சிலர் அனுமதியோடு இருந்தார்கள், சிலர் போக இடமில்லாமல் இருந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவே மீற்றரில் பேரனார் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, தேவையும் இருக்கவில்லை. பட்டியல் வரும், இருப்பவர் கட்டுவார். இந்த எழுதாத ஒப்பந்தத்தில்தான் பல வருடங்கள் ஓடின.

2022இல் அந்த ஒப்பந்தம் ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீத உயர்வு. மாதம் எண்ணூறு, ஆயிரம் கட்டிய வீடுகளுக்கு நாலாயிரம், ஐயாயிரம் என்று பட்டியல் வரத் தொடங்கியது. பிறகு கட்டணம் பலமுறை குறைந்து, மீண்டும் ஏறி இறங்கியது. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் சேர்ந்த நிலுவை தானாகக் கரையவில்லை. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் பத்து இலட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகப் பாராளுமன்றக் குழுவொன்றில் வெளியான தகவல் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

அதே காலத்தில்தான் நாட்டை விட்டுப் போனவர்களின் தொகையும் உச்சத்தைத் தொட்டது. 2022இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்காகப் பதிவுசெய்து புறப்பட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து, தளபாடங்களை விற்று, அவசரமாக விமானம் ஏறிய பல குடும்பங்களுக்குக் கடைசி மாத மின்பட்டியல் நினைவில் இருந்திருக்காது. நினைவில் இருந்தாலும் கையில் காசு இருந்திருக்காது. அந்த நிலுவை அவர்களோடு விமானம் ஏறவில்லை. மீற்றரிலேயே தங்கிவிட்டது.

கிறிப் எதைப் பதிகிறது?

மக்கள் கிறிப் என்று சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் போன்ற கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விபரங்களை அதற்குக் கொடுக்கின்றன. யாராவது புதிதாகக் கடன் கேட்டால் அதிலிருந்து அறிக்கை எடுத்துப் பார்க்கின்றன. 2008இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தன்னைப் பற்றிய அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளும் வழி சாதாரண ஆளுக்கும் கிடைத்தது.

இதைப் பற்றி ஊரில் உலாவும் இரண்டு தவறான எண்ணங்களைத் திருத்திக்கொள்வது நல்லது. முதலாவது, கிறிப் ஒரு கறுப்புப் பட்டியல் என்பது. அதில் ஒழுங்காகக் கட்டிய கடனும் இருக்கும், பிந்திய கடனும் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கியே. இரண்டாவது, தவறு இருந்தால் பணியகம் தானே அழித்துவிடும் என்பது. பணியகம் பதிவை வைத்திருக்கிறதே தவிர, எழுதுவது கடன் கொடுத்த நிறுவனம். அந்த நிறுவனம் திருத்தி அனுப்பினால்தான் அறிக்கை திருந்தும். இதை அறியாதவர்கள் இரண்டு வாசல்களுக்கும் இடையில் அலைகிறார்கள். வங்கி பணியகத்தைக் காட்டும், பணியகம் வங்கியைக் காட்டும்.

அடுத்தவர் கடன் நம் அறிக்கையில் வருவதற்குச் சட்டப்படி சரியான வழியும் ஒன்று உண்டு. அது பிணை நிற்பது. மச்சான் எடுத்த முச்சக்கரவண்டி லீசிங்குக்குக் கையெழுத்துப் போட்டால், அது உங்கள் அறிக்கையிலும் பிணையாளி என்ற தலைப்பில் தெரியும். அது கசப்பாக இருந்தாலும் தவறான பதிவல்ல. இங்கே பேசுவது நாம் கையெழுத்துப் போடாத, நாம் பாவிக்காத, நமக்குத் தெரியவே தெரியாத கடன் நம் பெயரில் ஏறுவதைப் பற்றி.

அது எப்படி ஏறும்? ஆளை அடையாளம் காண்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்ப் பெயர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னே வரும், சில படிவங்களில் பின்னே போகும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். திருமணத்துக்குப் பிறகு பெண்ணின் பெயரில் கணவன் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெயரை நம்ப முடியாது என்று அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடுகிறார்கள். அந்த இலக்கமும் 2016இல் மாறியது. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. புதியது பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆளுக்குப் பழைய இலக்கத்தில் ஒரு கணக்கும் புதிய இலக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கலாம். ஓர் இலக்கம் பிழையாகத் தட்டப்பட்டால் முன்பின் தெரியாத ஒருவருடைய கணக்கு நம்மோடு வந்து சேரலாம். இடப்பெயர்விலும் முகாம் வாழ்விலும் அடையாள அட்டைகளைத் தொலைத்து, மறுபடி மறுபடி எடுத்த ஒரு சமூகத்துக்கு இந்த ஆபத்து வெறும் கற்பனையல்ல.

இரண்டு பதிவேடுகள் சேரும்போது

கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தரும் தகவலைக் கொண்டே கிறிப் கட்டப்பட்டிருக்கிறது. வீட்டு மின்சாரம், தண்ணீர் நிலுவைகள் அதன் அடித்தளமல்ல. ஆனால் உலகின் பல நாடுகளில் இந்த வேலி ஏற்கெனவே விழுந்துவிட்டது. மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக் கட்டணங்களையும் கடன் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்ற வாதத்தை உலக வங்கி போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அரச சேவைகளை இலத்திரனியல் மயப்படுத்துவதும், ஒரே இலக்கத்தில் எல்லாத் தகவலையும் இணைப்பதும் வேகமாகப் பேசப்படும் இலங்கையில் இந்த யோசனை நீண்டநாள் வெளியே நிற்கும் என்று எண்ணுவதற்கில்லை.

அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு வங்கிக் கடன் வரலாறு எதுவும் இருக்காது. கடற்றொழிலாளிக்கும் இருக்காது. ஆனால் அவர்கள் பத்து வருடமாகத் தவறாமல் மின்கட்டணம் கட்டியிருக்கலாம். அந்த ஒழுக்கத்துக்கு வங்கியில் மதிப்புக் கிடைத்தால், நுண்கடன் கம்பனியின் வாராந்த வட்டியிலிருந்து அவர்கள் தப்பலாம். நுண்கடன் வடக்கு கிழக்கில் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தவர்கள் இந்த நன்மையை இலேசாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெண் பத்து வருடம் கட்டிய பட்டியலில் யாருடைய பெயர் இருந்தது? வாடகை அறையில் இருந்தால் அது வீட்டுக்காரரின் பெயர். பெருந்தோட்டத்தில் என்றால், தனி முகவரிகூட இல்லாமல் தோட்டத்தின் பெயரையே பல குடும்பங்கள் முகவரியாகப் பாவிக்கும் நிலை. வடக்கில் என்றால் இறந்துபோனவரின் பெயர். ஒழுங்காகக் கட்டிய நன்மை கட்டியவருக்குப் போய்ச் சேராது. கட்டாமல் விட்ட பழி மாத்திரம், கடைசியாக அந்த வீட்டில் அகப்பட்டவருக்கோ, பெயரை மாற்றப் போய் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தவருக்கோ வந்து சேரும். மீற்றரைப் பற்றி உண்மை சொல்லும் பதிவேடு, மனிதரைப் பற்றிப் பொய் சொல்லும்.

மின்துறை மறுசீரமைப்பும் இதோடு சேர்ந்து வருகிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் அதற்கு வந்த திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் கொடுக்கின்றன. கணக்குகள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய நிலுவைகளும் அப்படியே மாறும். எவருடைய நிலுவை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். அப்போது செய்யாவிட்டால் பிழையும் சொத்துப் போலப் பரம்பரையாக இறங்கும்.

பிரித்தானியாவில் நடந்தது

வேலி விழுந்த நாடு எப்படி இருக்கும் என்று அறியத் தூரம் போக வேண்டியதில்லை. நம் உறவுகள் ஆயிரக்கணக்கில் வாழும் பிரித்தானியாவில் எரிவாயு, மின்சாரக் கம்பனிகள் வாடிக்கையாளரின் கொடுப்பனவு விபரங்களைக் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கின்றன. எக்ஸ்பீரியன், ஈக்குவிபக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று அங்கே பெரிய நிறுவனங்கள் மூன்று. தவணை தவறியதாக ஒரு பதிவு ஏறினால் அது ஆறு வருடம் நிற்கும். அந்த ஆறு வருடமும் வீட்டுக் கடன், வாடகை வீடு, சிலவேளை கைத்தொலைபேசி ஒப்பந்தம்கூடச் சிக்கலாகும்.

ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ அறை மாறி அறை மாறி வாழும் ஒருவருக்கு, முன்பு இருந்தவரின் மின்கடன் தன் பெயருக்கு வருவது நடக்கக்கூடிய விடயம். ஆனால் அங்கே சட்டத்தின் தொடக்கப் புள்ளி வேறு. கடன் பாவித்தவரோடு போகும், வீட்டோடு தங்காது. ஒருவர் குடிபுகுந்த நாளிலிருந்து அவருக்கும் மின்கம்பனிக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. அந்த நாளுக்கு முன்னைய கடனுக்கு அவர் பொறுப்பல்ல. முன்பு குடியிருந்தவர் கடனாளி என்பதால் அந்த முகவரியே கெட்டுவிட்டது என்ற பயமும் அங்கே ஆதாரமற்றது. ஆகவே வாடகை ஒப்பந்தம், குடிபுகுந்த நாளில் எடுத்த மீற்றர் படம், மாநகரசபை வரிப் பட்டியல் இவை மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான வழக்குகள் கடிதத்தோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் அடுத்த படிகளும் எழுத்தில் இருக்கின்றன. மதிப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பதிவை நீக்கவோ திருத்தவோ கோரலாம். என்ன செய்தோம் என்று அது 28 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால், 200 சொற்களுக்கு மேற்படாத விளக்கக் குறிப்பொன்றைத் தன் அறிக்கையோடு இணைக்கச் சொல்லலாம். இது 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் கொடுத்த உரிமை. கம்பனியிடம் முறையிட்டுத் தீராவிட்டால் எரிசக்திக்கான குறைகேள் அதிகாரியிடம் இலவசமாகப் போகலாம்.

அங்கே நீதிமன்றங்களும் இதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பெர்கசன் எதிர் பிரிட்டிஷ் காஸ் என்ற வழக்கை மின்பட்டியலோடு மல்லுக்கட்டிய எவரும் விளங்கிக்கொள்வார்கள். வேறு கம்பனிக்கு மாறிவிட்ட ஒரு பெண்ணுக்குப் பழைய கம்பனி பட்டியல் அனுப்பிக்கொண்டே இருந்தது. இணைப்பைத் துண்டிப்போம், வழக்குப் போடுவோம், கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிவிப்போம் என்று மாதக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அவர் எழுதிய பதில்களால் எதுவும் நிற்கவில்லை. இது தொந்தரவு என்று அவர் வழக்குப் போட்டார். கடிதங்கள் கணினி தானாக அனுப்பியவை, அவற்றை அவ்வளவு பாரதூரமாக எடுக்கத் தேவையில்லை என்பது கம்பனி வைத்த வாதங்களில் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணினியில் என்ன போடுவது என்று தீர்மானிப்பது மனிதர்கள்தான் என்று சொல்லி, வழக்கைத் தொடர அனுமதித்தது.

2014இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தீர்த்த டர்கின் வழக்கு மின்கடன் பற்றியதல்ல. ஒரு மடிக்கணினிக்காக எடுத்த கடன் பற்றியது. சட்டப்படி முறிந்துவிட்ட கடன் ஒப்பந்தத்தைக் கட்டத் தவறியதாக வங்கி பதிவு செய்ததற்கு 8,000 பவுண் நட்டஈடு உறுதியானது. கடன் கட்டப்படவில்லை என்று அறிக்கையிடுவதற்கு முன், அது உண்மையிலேயே கட்ட வேண்டிய கடன்தானா என்று நியாயமாக விசாரித்துப் பார்க்கும் கடமை வங்கிக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் 1998இல் வாங்கிய மடிக்கணினிக்கு 2014இல்தான் அந்த மனிதருக்கு முடிவு கிடைத்தது. உரிமைகள் எழுத்தில் உள்ள நாட்டிலேயே இத்தனை வருடம் என்றால், அவை எழுதப்படாத நாட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்கலாம்.

இப்போதைக்குக் கையில் இருப்பவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன.

வீடு எடுக்கும்போது சாவியை வாங்கும் அன்றே மீற்றரைப் படம் எடுங்கள். கணக்கு இலக்கத்தை வாங்கி, அன்றுள்ள நிலுவை எவ்வளவு என்று மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மீற்றர் வாசிப்பையும், அதற்கு முந்திய நிலுவை வீட்டுக்காரருடையது என்ற ஒரு வரியையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் போகும்போதும் இதையே செய்யுங்கள். நாளைக்கு உங்களுக்குப் பின் வருபவர் பாவித்ததும் உங்கள் தலையில் விழக்கூடாது.

பழைய நிலுவை வந்துவிட்டால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் முறையிடுங்கள். பதிவுத் தபால் சிட்டையை வைத்திருங்கள். எந்தெந்த மாதத்தில் எவ்வளவு சேர்ந்தது, மீற்றர் எப்போது வாசிக்கப்பட்டது, எது மதிப்பீட்டுப் பட்டியல் என்ற விபரங்கள் இல்லாமல் நிலுவையைப் பிரிக்க முடியாது. அவற்றைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மின்சாரம் வழங்குபவருக்கும் பாவனையாளருக்கும் இடையிலான பிணக்குகளைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் கொண்டுபோகலாம். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளங்காத மொழியில் வந்த அறிவித்தலில் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடன் கேட்கப் போவதற்கு முன் உங்கள் கிறிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். வங்கி மறுத்த பிறகு அறிவது தாமதம். அறிக்கையில் தெரியாத கணக்கு இருந்தால் அதைப் பதிந்த நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் ஒரே நாளில் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். கடன் விண்ணப்பத்தின் பிரதியையும் கையெழுத்தையும் காட்டும்படி கேளுங்கள். இரண்டு இலக்கங்கள் உள்ள அடையாள அட்டைக்காரர்கள் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். "சின்னத் தொகைதானே, கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது" என்று யாராவது சொன்னால், எழுத்தில் ஆட்சேபம் வைக்காமல் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் அந்தக் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளைக்கு வாதிடப்படலாம்.

வேலியைத் திறப்பதற்கு முன்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பிழையான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையை இலங்கையருக்கு எழுத்தில் தந்தது. அந்தச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. தரவைச் சேர்ப்பதில் அரசுக்கு இருக்கும் அவசரம், தரவுக்குரியவரைப் பாதுகாப்பதில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களைக் கடன் அறிக்கையில் சேர்ப்பதற்கு முன் சில விடயங்கள் நடந்தாக வேண்டும். குடியிருப்பவர் மாறும் நாளில் மீற்றர் வாசிக்கப்பட்டு கணக்கு மூடப்பட வேண்டும். உறுதி இல்லாதவரும், உரிமை கோராமல் பாவனையாளராக மட்டும் தன் பெயரைப் பதிய வழி வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் அதற்குப் போதுமானதாக இருக்கலாம். ஒருவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு நிலுவையை இணைப்பதற்கு முன் அவருக்கு அவருடைய மொழியில் அறிவித்தல் போக வேண்டும். அவர் ஆட்சேபித்தால், விசாரணை முடியும்வரை அந்தப் பதிவு வெளியே போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது இவருடைய கடன் என்று காட்டும் பொறுப்பு பதிவு செய்பவருக்கு இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இன்று இரண்டு பதிவேடுகளிலும் அந்தப் பொறுப்பு தலைகீழாக இருக்கிறது. மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் வாசலில் நிற்பவர், நான் பாவிக்கவில்லை என்று காட்ட வேண்டும். வங்கியின் வாசலில் நிற்பவர், நான் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், காணாமல் போனமைக்கான சான்று என்று முப்பது வருடமாக அலுவலகப் படிகளில் எதையாவது நிரூபித்துக்கொண்டிருக்கும் மக்கள் இவர்கள். முன்பு குடியிருந்தவர் எரித்த மின்குமிழுக்கான கணக்கையும் இவர்களிடமே நிரூபிக்கச் சொல்வது நியாயமல்ல.